மணக்காத பட்டை

அந்தக் குடியிருப்பில் எல்லோரும் அவளை நேரில் 'அக்கா' என்பார்கள். முதுகுக்குப் பின்னால் 'மூக்கக்கா'. அது அவளுக்கும் தெரியும். தெரிந்து கோபப்படவில்லை. உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. வேலையை வைத்தும் ஊரை வைத்தும் ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைக்கிறார்கள், தன்னுடையது தான் சம்பாதித்த பெயர் என்று நினைத்துக்கொள்வாள்.

பார்வைக்கு அது சாதாரண மூக்குதான். ஆனால் மூன்றாவது மாடியில் யார் வீட்டிலாவது பால் பொங்கப் போகிறதென்றால், பொங்குவதற்கு முன்பே முதல் மாடியிலிருந்து குரல் கொடுப்பாள். எதிர்வீட்டுத் தையல்காரம்மா வீட்டில் கேஸ் குழாய் கசிந்ததைக் கண்டுபிடித்தது அவள்தான். அந்த அம்மா வீட்டில்கூட இல்லை, வெளியே பூட்டியிருந்தது. மூக்கக்காவின் கணவர், பேக்கரி வேன் ஓட்டியவர், கல்யாணமான புதிதில் நண்பர்களோடு சேர்ந்து ஒருநாள் கொஞ்சம் குடித்துவிட்டு, ஏலக்காயை மென்று, தெருவை இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நல்ல பிள்ளையாய் வீட்டுக்கு வந்தார். அவள் கதவைத் திறந்ததும் திறக்காததுமாகக் கேட்டாள்:

"ஏலக்காய் வாசம் நல்லாத்தான் இருக்கு. அதுக்கு அடியில என்ன இருக்குன்னு நீங்களே சொல்லிடுறீங்களா, நான் சொல்லட்டுமா?"

அன்றோடு அவர் அந்தப் பழக்கத்துக்கு ஒரு கும்பிடு போட்டார்.

பிறவியிலேயே அவள் சந்தேகப் பிராணி. பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள், இழுத்துப் பார்த்ததை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பாள். கடைக்காரன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று யோசிப்பாள். ஆனாலும் அவளோடு வாழ்வது கஷ்டமாக இருந்ததில்லை. காரணம் அந்த மூக்கு. எந்தச் சந்தேகம் வந்தாலும் மூக்கு போய் விசாரித்துவிட்டு வந்து தீர்ப்புச் சொல்லிவிடும். உண்டு என்றால் உண்டு, இல்லை என்றால் இல்லை. அத்தோடு விட்டுவிடுவாள்.

பகலில் அவளுக்கு ஒரு ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை. விரிப்புகள், துண்டுகள், மேஜைத் துணிகள் எல்லாம் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து மேலே அனுப்பும் வரை அவள் பொறுப்பு. ஆனால் குடியிருப்பில் அவள் பெயரை நிலைநாட்டியது டிசம்பர் மாதம். கணவர் வேலை பார்த்த பேக்கரியை மூடியபோது முதலாளி அவருக்கு ஒரு பழைய ஓவனைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்த வேனில் வந்த கடைசிச் சரக்கு அதுதான். வெப்பம் காட்டும் திருகில் எண்கள் எல்லாம் தேய்ந்து போயிருந்தன. உள்ளே இருந்த விளக்கு எப்போதோ செத்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அதைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பார்கள். அவளுக்கு எண்ணும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். தட்டை உள்ளே தள்ளிவிட்டுக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பாள். திடீரென்று எழுந்து போவாள். கதவைத் திறந்தால் பிஸ்கட் சரியான பதத்தில் பொன்னிறமாக இருக்கும்.

கிறிஸ்துமஸுக்குப் பட்டையும் சுக்கும் போட்ட நட்சத்திர பிஸ்கட், கட்டைவிரலால் குழி அழுத்தி ஜாம் வைக்கிற வட்ட பிஸ்கட், வறுத்த கொட்டைகள் போட்ட வெண்ணெய் உருண்டை, இந்த மூன்றையும் டப்பா டப்பாவாகச் செய்வாள். குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு டப்பா. டிசம்பர் பிறந்தால் பிள்ளைகள் மாடிப்படியில் அவள் வீட்டுக் கதவுக்கு நேராக உட்கார்ந்துதான் பாடம் படிப்பார்கள். கணவர் மட்டும் எதைக் கொடுத்தாலும் "நல்லாயிருக்கு" என்பார். நன்றாக வந்தாலும் அதே சொல், உப்பைக் கொட்டிவிட்டாலும் அதே சொல். அவர் சாட்சி செல்லாது என்று அவள் என்றைக்கோ முடிவு கட்டிவிட்டாள்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் அவளுக்குச் சளியும் காய்ச்சலுமாக வந்து படுக்கையில் போட்டது. எழுந்தபோது உடம்பு தேறிவிட்டது, உலகம்தான் கெட்டுப்போயிருந்தது. காப்பித்தூளில் ஏதோ கலக்கிறார்கள். வெந்நீரில் சாயம் கரைத்துக் குடிப்பது போலிருந்தது. சலவைக்கூடத்தில் சோப்பை மாற்றிவிட்டார்கள், துவைத்த விரிப்பில் சுத்தமான வாசமே இல்லை. மேலாளரிடம் போய்ச் சொன்னாள். அவர் ஒரு துண்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு, "அதே சோப்புதாம்மா, அதே கம்பெனி" என்றார். அவர் கண்களைப் பார்த்தாள். மலிவுச் சரக்கை வாங்கிவிட்டு மறைக்கிறார் என்று தோன்றியது. ஊர் முழுக்க ஒரே சமயத்தில் ஏமாற்றத் தொடங்கியிருந்தால் அவள் ஒருத்தி என்னதான் செய்வாள்?

டிசம்பர் தொடக்கத்தில் மசாலாக் கடைக்குப் போனாள். அந்தக் கடைக்காரரிடம்தான் எப்போதும் பட்டை வாங்குவாள். ஒரு குச்சியை எடுத்து ஒடித்து மூக்கில் வைத்தாள். ஒன்றுமில்லை. இன்னொன்றை ஒடித்தாள். அதிலும் ஒன்றுமில்லை.

"என்ன அண்ணே, மரத்தைச் சீவி வச்சுப் பட்டைன்னு விக்கிறீங்களா?"

கடைக்காரர் சிரித்தார். வேடிக்கை என்று நினைத்திருக்க வேண்டும். "நேத்துதான் தங்கச்சி சரக்கு இறங்குச்சு. கடைக்குள்ள நிக்க முடியல, அவ்வளவு வாசம். நல்லா மோந்து பாருங்க."

"மோந்துட்டுத்தான் சொல்றேன். விறகுக் கட்டைக்குக்கூட ஒரு வாசம் இருக்கும். இதுல அதுவும் இல்ல."

கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "மூக்கக்காவே சொல்லிட்டா, அப்புறம் என்ன?" என்று முணுமுணுத்தபடி கையிலிருந்த பொட்டலத்தைத் திரும்ப வைத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தியும் வைத்தாள். கடைக்காரரின் முகம் சுருங்கிப்போனது. ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். குற்றமுள்ள நெஞ்சு, அதுதான் பேச்சு வரவில்லை என்று அவள் எண்ணிக்கொண்டாள். வேறு கடையில் வாங்கினாள். அதுவும் மரம்தான்.

பட்டையாவது வெளியார் சரக்கு. வெனிலா எசன்ஸ் பாட்டில் வீட்டு அலமாரியில் இருந்தது. போன வருஷம் பாதி வைத்தது. மூடியைத் திறந்து முகர்ந்தாள். தண்ணீர். நிறம் மட்டும் இருந்தது, வாசம் துளிகூட இல்லை.

வீட்டில் இருப்பதே அவள், கணவர், மருமகள் என மூன்று பேர். மகன் கப்பலில் வேலை பார்க்கிறான், வருஷத்தில் பாதி நாள் கடலில்தான். அவன் கல்யாணம் முடித்துக் கொண்டுவந்து விட்டுப்போன மருமகள், மருந்துக் கடை ஒன்றில் பிற்பகல் வேலைக்குப் போகிறவள். வாயைத் திறந்து அதிகம் பேசமாட்டாள். அதுவே மாமியாருக்கு ஆரம்பத்திலிருந்து உறுத்தல். பேசாதவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்றைக்கு மாலை பால்கனியில் உட்கார்ந்திருந்த கணவரிடம் மெதுவாகச் சொன்னாள்.

"நம்ம வீட்டுல எசன்ஸ் திருட்டுப் போகுது."

"எசன்ஸா?"

"எடுத்துட்டுத் தண்ணி ஊத்தி வச்சிருக்கா. என்னை என்ன ஒண்ணும் தெரியாதவன்னு நினைச்சாளா?"

"யாரு?"

"யாருன்னு கேக்குறீங்க பாருங்க. நீங்க எடுத்தீங்களா?"

"நான் எதுக்கு எசன்ஸை எடுக்கப்போறேன்?"

"அப்ப மிச்சம் யாரு?"

அவர் செய்தித்தாளை உயர்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். உள்ளே சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது.

மறுநாள் புது எசன்ஸ் வாங்கினாள். அதற்கும் வாசம் இல்லை. கடைக்காரர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டார்களோ என்று எண்ணிக்கொண்டே, பாட்டிலில் எசன்ஸ் நிற்கும் மட்டத்துக்குச் சரியாக ஒரு கறுப்பு நூலைச் சுற்றிக் கட்டினாள். விடிகாலையில் எழுந்து மாவு பிசைந்து ஒரு தட்டு பிஸ்கட் போட்டு, ஆறவைத்து, டப்பாவில் அடுக்கிவிட்டு வேலைக்குப் போவாள். போகும் முன் நூலை இறக்கிக் கட்டுவாள். திரும்பி வந்து பார்த்தால், எசன்ஸ் நூலுக்குக் கீழே இறங்கியிருந்தது.

அப்படி வா வழிக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். சந்தேகம் உறுதிப்படும்போது வருகிற ஒரு கசப்பான சந்தோஷம் அவளுக்கு வந்தது.

அதன் பிறகு வீட்டில் அவள் கண்ணில் படாதது எதுவும் இல்லை. காலையில் கழுவித் துடைத்து வைத்துவிட்டுப் போன தட்டின் விளிம்பில் மாலையில் ஈரம். வெண்ணெய் கட்டியின் ஒரு முனை வெட்டுப்பட்டிருந்தது. ஜன்னல்கள் எல்லாம், சமையலறை ஜன்னல்கூட, விரியத் திறந்து கிடந்தன. யார் இந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைப்பார்கள்? எதையோ வெளியேற்றத்தான். குப்பைக் கூடையின் அடியில் செய்தித்தாளில் பொட்டலமாகச் சுற்றியிருந்ததைப் பிரித்தாள். உள்ளே பிஸ்கட்டுகள். மேல்புறம் நன்றாக இருந்தது, திருப்பினால் அடிப்புறம் கரி. என் சமையலறையில் யாரோ பிஸ்கட்டைத் தீய்க்கிறார்கள் என்பது மட்டும்தான் அவளுக்கு அப்போது தோன்றியது. மூக்கு வேலை செய்கிற வீட்டில் தீய்ந்த பிஸ்கட்டா? அவள் சுட்டது இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடத் தீய்ந்ததில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய அதிர்ச்சி ஜாம் பிஸ்கட்டில் வந்தது. ஜாமைக் கடைசி நாளில்தான் வைப்பாள், அதுவரை குழி வெறுமையாக இருக்கும். சலவைக்கூடத்து ஆவியிலும் சூட்டிலும் பழகி அவள் கட்டைவிரல் அகன்று தடித்திருந்தது. டப்பாவைத் திறந்து, ஏதோ உறுத்த, ஒரு பிஸ்கட்டை எடுத்துக் குழியில் விரலை வைத்துப் பார்த்தாள். விரல் இறங்கவில்லை. அடுத்ததிலும் இறங்கவில்லை. வேறு யாருடைய மெல்லிய விரலோ அழுத்திய குழி.

டப்பா அவளுடையது. உள்ளே இருந்த பிஸ்கட் அவளுடையது இல்லை.

சலவைக்கூடத்தில் மேஜைத் துணிகளை மடித்துக்கொண்டே முழுக்கணக்கையும் போட்டுப் பார்த்தாள். மருமகள் அவளுடைய பிஸ்கட்டை எடுத்துத் தன் மருந்துக் கடை ஆட்களுக்குத் தான் செய்ததாகக் கொடுக்கிறாள். பதிலுக்குத் தான் சுட்ட அரைகுறையை இந்த டப்பாவில் வைக்கிறாள். கிறிஸ்துமஸ் அன்று குடியிருப்பே வாயில் வைத்துவிட்டு முகம் சுளிக்கும். அத்தை பாடு முடிந்தது, அடுத்த வருஷத்திலிருந்து ஓவன் என் கையில். பேசாதவளின் திட்டம் இதுதான். இதைக் கப்பலில் இருப்பவனிடம் சொன்னால் நம்புவானா? மாட்டான். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

கிறிஸ்துமஸுக்குச் சில நாள் இருக்கும்போது, வழக்கம்போல ஒரு தட்டு சுட்டு வைத்துவிட்டு, "வர்றேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். சலவைக்கூடத்தில் தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு கேட்டாள். முற்பகலிலேயே குடியிருப்புக்குத் திரும்பி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறினாள். தன் வீட்டுக்கே திருடி மாதிரி வர வேண்டிய நிலைமையை நினைத்து மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

முதல் மாடிக்கு முந்தின திருப்பத்தில் அவள் ஏறும்போது, மேலே தையல்காரம்மா கதவைத் திறந்துகொண்டு வந்தாள்.

"அட, அக்கா! என்ன செருப்பு கையில?"

அவள் வாயில் விரலை வைத்து அடக்கினாள். தையல்காரம்மா குரலைத் தாழ்த்தவில்லை. கண்ணை மூடி மூச்சை இழுத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்க வீட்டுப் பட்டை வாசம் என்னைத் தைக்கவே விடலக்கா. காலையிலேருந்து ஊசி ஓட மாட்டேங்குது. படிக்கட்டு பூரா மணக்குது பாருங்க!"

அவள் மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை.

முதலில் தையல்காரம்மாவையும் சந்தேகப்பட்டாள். இவளும் கூட்டா? ஆனால் அந்த அம்மா இன்னும் கண்ணை மூடிக்கொண்டுதான் நின்றாள். நடிக்கிற முகம் அப்படி இருக்காது. எச்சில் விழுங்குகிறாள். மூக்கக்கா மறுபடி மூச்சை இழுத்தாள், நெஞ்சு வலிக்கும் அளவுக்கு. மாடிப்படியின் குளிர்ந்த காற்று உள்ளே போய் வெளியே வந்தது. அவ்வளவுதான்.

எத்தனையோ வருஷமாக ஒவ்வொரு டிசம்பரிலும் இந்தப் படியில் நின்றால் அவள் வீட்டு ஓவன் எந்த நிலையில் இருக்கிறதென்று அவளால் சொல்ல முடிந்திருக்கிறது. இப்போது அது முடியவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மீதிப் படிகளை ஏறினாள்.

கதவு சாத்தியிருக்கவில்லை. பால்கனி நாற்காலியில் கணவர் உட்கார்ந்து, கையில் ஒரு நட்சத்திரத்தை வைத்துக் கடித்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் மெல்லுவதை நிறுத்தினார். சட்டையெல்லாம் துகள். அவள் அவரைத் தாண்டிச் சமையலறைக்குள் போனாள். மருமகள் கையுறையோடு ஓவனிலிருந்து தட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். ஆவி பறந்தது. மேஜையில் விடிகாலையில் அவள் சுட்டவை தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் அடியும் கரி.

"அத்தை..."

அவள் தட்டுக்கு நேராகக் குனிந்தாள். ஆவி முகத்தில் அடித்தது, கன்னம் சுட்டது. மருமகள் பதறித் தட்டைப் பின்னுக்கு இழுத்தாள். சூடு தெரிந்தது. வாசம் மட்டும் தெரியவில்லை.

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

"எத்தனை நாளா?" என்று கடைசியில் கேட்டாள்.

"அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம்தான்னு நினைக்கிறேன் அத்தை. பால் திரிஞ்சு நாறிக்கிட்டு இருந்துச்சு, நீங்க அதுலயே காப்பி போட்டுக் குடிச்சீங்க. அப்பத்தான் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அப்புறம் ஒருநாள் நீங்க அடுப்பைப் பத்த வைக்காம கேஸைத் திறந்துட்டு ஹாலுக்குப் போயிட்டீங்க. நான் ஓடி வந்து அடைச்சேன். நீங்க துணி மடிச்சுக்கிட்டு இருந்தீங்க. உங்களுக்கு ஒண்ணுமே தெரியல."

"அதுக்குத்தான் ஜன்னலா?"

"ஆமா. கேஸுக்கும், தீஞ்ச வாசத்துக்கும்."

"கொட்டை போட்ட உருண்டையையுமா மாத்துன?"

மருமகள் தயங்கினாள். "வெண்ணெய் கெட்டுப் போயிருந்துச்சு அத்தை. அதையும் தூக்கிப் போட்டுட்டுப் புதுசா செஞ்சேன்."

"இவ்வளவும் தெரிஞ்சு ஏன் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

அதுவரை குனிந்திருந்த மருமகள் நிமிர்ந்தாள். கையுறையைக் கழற்றி மேஜையில் வைத்தாள்.

"சொன்னா நம்பியிருப்பீங்களா? எசன்ஸை எடுத்துட்டுத் தண்ணி ஊத்தி வச்சேன்னு நீங்க மாமாகிட்ட சொன்னது எனக்குக் கேட்டுச்சு. உங்க மூக்கு போயிருச்சுன்னு நான் சொல்லியிருந்தா, என்னை என்னன்னு சொல்லியிருப்பீங்க?"

உண்மை சுட்டதில் அவளுக்குக் கோபம் வந்தது.

"அதுக்காக எனக்குப் பிச்சை போடுறியா? நான் சுடுவேன், நீ குப்பையில போடுவ, என் பேர்ல நீ செஞ்சு வைப்ப. ஊரெல்லாம் என்னைப் புகழும், நீ உள்ள நின்னு சிரிப்ப!"

"நான் சிரிக்கல அத்தை. காலையிலேருந்து நின்னு கால் வலிக்குது."

சமையலறை வாசலில் வந்து நின்றிருந்த கணவர் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, "பிஸ்கட் நல்லாயிருக்கு" என்றார்.

"நீங்க பேசாதீங்க!" என்று இரண்டு பெண்களும் ஒரே குரலில் திரும்பினார்கள்.

அன்று முழுக்க அவள் சமையலறைப் பக்கம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. ஓவன் குளிர்ந்து கிடந்தது, மாவு குளிர்பெட்டியில் இறுகிக் கிடந்தது. மருமகள் தன் வேலை உண்டு, தான் உண்டு என்று போய்வந்தாள். மூக்கக்காவை மருத்துவரிடம் அழைத்துப்போனது கணவர்தான். அந்த மருத்துவர் கண்ணை மூடச் சொல்லி என்னென்னவோ சீசாக்களை மூக்கருகே நீட்டினார். "எப்ப நீட்டுறீங்கன்னு சொல்லிட்டு நீட்டுங்க" என்றாள் அவள். "நீட்டி எடுத்தாச்சும்மா" என்றார் அவர். சளிக்காய்ச்சலில் சிலருக்கு இப்படி ஆகும், திரும்பி வரலாம், வராமலும் போகலாம், கொஞ்சம் கொஞ்சமாக வரலாம் என்று சொல்லி அனுப்பினார்.

வரும் வழியில் பேருந்தில் அவள் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதாள். எல்லோரும் ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்திருந்த இத்தனை நாளும் அவளுக்கு ஒருவகைத் தைரியம் இருந்தது. இப்போது யாருமே ஏமாற்றவில்லை என்று தெரிந்ததும் பயமாக இருந்தது. கேஸ் திறந்து கிடந்த காலையை நினைத்தாள். தான் துணி மடித்துக்கொண்டிருந்ததை நினைத்தாள். ஒருத்தி ஓடிவந்து அடைத்ததை நினைத்தாள். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் கைக்குட்டையை நீட்டிக்கொண்டே இருந்தார், அவள் வாங்கவில்லை, அவரும் கையை இறக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் சேலை மாற்றாமல் நேராகச் சமையலறைக்குப் போய் மாவை எடுத்து வெளியே வைத்தாள்.

"இந்தாம்மா, இங்க வா" என்று கூப்பிட்டாள். "என் கை இன்னும் போகல. நான் செய்யறேன். நீ ஓவன் பக்கத்துல நில்லு. எப்ப எடுக்கணும்னு நீ சொல்லு."

மருமகள் வந்து நின்றாள். மன்னிப்பு என்று ஒரு பேச்சை இருவரும் எடுக்கவில்லை.

அது சுமுகமாக நடந்த வேலை என்று சொல்ல முடியாது. "இப்ப எடுக்கலாம் அத்தை" என்று மருமகள் சொன்னால், "நிஜமாவா? நல்லா மோந்து பாத்தியா?" என்பாள். எடுத்ததும் ஒவ்வொன்றையும் திருப்பி அடியைப் பார்ப்பாள். அடி நன்றாகத்தான் இருக்கும். அடுத்த தட்டுக்கும் அதே கேள்வி. "அத்தை, நம்பிக்கை இல்லன்னா கடிகாரம் ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம்" என்றாள் மருமகள் பொறுமையிழந்து. "அதையும் நான் நம்ப மாட்டேன்" என்றாள் அவள். மருமகள் குக்கீஸ் என்றாள், அவள் பிஸ்கட் என்று திருத்தினாள். குழி அழுத்துவதில்தான் பெரிய சண்டை. உன் விரல் போட்ட குழியில் ஜாம் நிற்காது என்று அவள், உங்கள் விரல் போட்டால் பிஸ்கட்டே நிற்காது என்று மருமகள். அந்தப் பெண்ணுக்கு இவ்வளவு பேச வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சுட்டு முடித்ததும் கணவரைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்தாள்.

"எனக்கு இனிப்பு ஒண்ணுதான் தெரியுது. மிச்சம் எதுவும் தெரியல. அதனால இனிமே நீங்க நிஜத்தைச் சொல்லணும். 'நல்லாயிருக்கு'ன்னு சொன்னீங்கன்னா ராத்திரி சோறு கிடையாது."

அவர் ஒரு நட்சத்திரத்தைக் கடித்தார். மென்றார். இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்தார். மெதுவாகச் சொன்னார்:

"கொஞ்சம் இனிப்பு ஜாஸ்தி."

"இந்தத் தடவையா?"

"எப்பவுமே."

மருமகள் சட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. இத்தனை வருஷமாக இந்த மனிதர் வாயைத் திறக்காமல் தின்றிருக்கிறார். இவரை ஒருநாளும் சந்தேகப்படவில்லையே என்று நினைக்க அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த தட்டுக்குச் சர்க்கரையைக் குறைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் முதல் டப்பாவை எடுத்துக்கொண்டு மசாலாக் கடைக்குப் போனாள். கடையில் ஆட்கள் இருந்தார்கள். ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் போயிருக்கலாம். ஆனால் ஆட்களுக்கு முன்னால் சொன்ன பழியை ஆட்களுக்கு முன்னால்தான் எடுக்க வேண்டும் என்று நினைத்தாள்.

"அண்ணே, உங்க பட்டையில ஒண்ணும் குத்தம் இல்ல. என் மூக்கு போயிருச்சு. டாக்டரே சொல்லிட்டார். நான் அன்னைக்குச் சொன்னது தப்பு."

கடைக்காரர் அவளையே பார்த்தார். "மூக்கு போயிருச்சா? உங்களுக்கா?" என்றார். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. "நீங்க சொன்னதுக்காக அந்த மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பிட்டேன் தங்கச்சி. மூணு நாள் எனக்குத் தூக்கம் இல்ல. என் மூக்குலதான் ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டேன்."

அவள் தலைகுனிந்து டப்பாவை நீட்டினாள். அவர் வாங்கி, மூடியைத் திறந்து, முதலில் முகர்ந்து பார்த்தார். பிறகு ஒன்றை எடுத்து உடைத்து மறுபடி முகர்ந்தார். தின்னாமல் டப்பாவை மூடித் தராசுக்குப் பக்கத்தில் வைத்தார். கோபம் இன்னும் ஆறவில்லை. அவள் அதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தாள், ஆனாலும் வலித்தது.

விஷயம் அவளுக்கு முன்பே குடியிருப்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வீடு வீடாக டப்பா கொடுத்தபோது எல்லோரும் வழக்கம்போல வாங்கிக்கொண்டார்கள், சிரித்தார்கள், வாழ்த்தினார்கள். ஆனால் கதவு சாத்துவதற்கு முன் ஒவ்வொருவரும் மூடியை லேசாகத் திறந்து மூக்கருகே கொண்டுபோவதை அவள் பார்த்தாள். தன்னையும் ஆட்கள் மோப்பம் பிடிப்பார்கள் என்று அவள் நினைத்ததே இல்லை. தையல்காரம்மா ஒருத்திதான் வாங்கிய கையோடு ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "என்னக்கா, இந்த வருஷம் சர்க்கரை அளவா இருக்கு?" என்றாள்.

மழைக்காலம் மறுபடி வருவதற்குள் வீட்டில் பல விஷயங்கள் மாறின. கேஸ் அடுப்புக்கு மேலே கசிவு தெரிந்தால் அலறும் கருவி ஒன்றை மகன் விடுமுறையில் வந்து மாட்டிவிட்டுப் போனான். மருமகள் முகர்ந்து பார்த்த பிறகுதான் பால் அடுப்பில் ஏறும். மசாலாக் கடைக்காரர் பழையபடி 'தங்கச்சி' என்று கூப்பிட ஆரம்பித்தார், அதற்குப் பல மாதம் ஆனது.

ஒருநாள் சலவைக்கூடத்தில் இஸ்திரி மேஜையில் வேலையாக இருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். எங்கேயோ துணி பொசுங்குகிற வாசம். மெல்லியது, தூரத்திலிருந்து வருகிற குரல் மாதிரி. அவள் அதை நம்பவில்லை. மனப்பிராந்தி என்று நினைத்தாள். பக்கத்திலிருந்தவளிடம், "உனக்கு ஏதாவது வாசம் வருதா?" என்று கேட்டாள். அந்தப் பெண் மூக்கை உறிஞ்சிவிட்டு இல்லை என்றாள். அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. ஆனாலும் மனசு கேட்காமல் வரிசை வரிசையாகப் போய்ப் பார்த்தாள். மூலை மேஜையில் யாரோ இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விரிப்பின் ஓரம் பழுப்பாகிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய் மருமகளிடம்தான் முதலில் சொன்னாள். அவள் உடனே மாமியாரின் கண்ணைத் துணியால் கட்டி உட்கார வைத்து, அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து நீட்டினாள். மாமியார் காப்பித்தூளைச் சரியாகச் சொன்னாள். சோப்பைச் சொன்னாள். பட்டையைச் சுக்கு என்றாள். வெனிலாவை நீட்டியபோது, "இன்னும் நீட்டலையா?" என்று கேட்டாள்.

"நீட்டிட்டேன் அத்தை."

"சரி. அப்ப இந்த டிசம்பருக்கும் ஓவன் பக்கத்துல நீதான் நிக்கணும்" என்றாள் அவள், கண்கட்டை அவிழ்த்துக்கொண்டே.